செட் 43, கேப் 4

மே 6, புதன்

தம்பிக்கு,

உறுதியானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று காலை பத்தேகாலுக்கு ஒரு தட்டில் 214 துளைகளை எண்ணினேன். ஆதாரம் என் கண் மட்டுமல்ல. இங்கே தட்டு ஊற்றும் அம்மா, அதாவது பாக்டீரியா வளரத் தட்டில் கூழ் ஊற்றித் தயார் செய்பவர், தனியாக உட்கார்ந்து எண்ணிவிட்டு 211 என்றார். மூன்று வித்தியாசம் எங்கள் தொழிலில் வித்தியாசமே இல்லை.

இத்தனை வருடம் இந்த ஆய்வகத்துக்கு வந்துபோன நீ, துளை என்றால் என்னவென்று கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. தட்டில் பாக்டீரியா பாலாடை போலப் படர்ந்திருக்கும். அதன்மேல் வைரஸைத் தெளித்தால், பிழைத்திருக்கிற ஒவ்வொன்றும் சுற்றியிருக்கும் பாக்டீரியாவை அழித்து ஒரு துளை போடும். ஒரு துளைக்கு ஒரு வைரஸ் என்று கணக்கு. இது பாக்டீரியாவை மட்டும் பிடிக்கிற வகை, மனிதரை ஒன்றும் செய்யாது. இதை அம்மாவிடமும் சொல்லிவை. நான் வீட்டுக்குப் போனால் இன்னும் வாசலிலேயே கை கழுவச் சொல்கிறாள். நீ சொன்னால் நம்புவாள்.

இந்த 214 எங்கிருந்து வந்தது தெரியுமா? ஜனவரியில் நீ பழுது பார்த்த வெந்நீர்த் தொட்டியில் நாற்பது நாள் வளர்ந்து, வீண் என்று நான் ஒதுக்கிய குடுவையிலிருந்து. வீணானதிலும் கொஞ்சம் எடுத்து உறைபெட்டியில் வைப்பது இங்கே விதி. போன வாரம் பெட்டியை ஒழுங்குபடுத்தும்போது கையில் அகப்பட்டது. எறிவதற்கு முன் 52 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தேன். தொட்டிக்குப் போகாத பழைய வைரஸை அதே அளவு எடுத்து, அதே சூட்டில் வைத்ததில் மிஞ்சியவை மூன்றே மூன்று.

எனக்கு ஒரு தகவல் வேண்டும். ஜனவரி 19 அன்று அந்தத் தொட்டியில் நீ என்ன செய்தாய்? சூடு ரம்பப்பல் போல ஏறி ஏறி இறங்கியிருப்பது தொட்டியின் சூட்டைப் பதிவு செய்யும் வரைதாளில் தெரிகிறது. ஏன் என்பது தெரியவில்லை.

போனை எடுக்க மாட்டேன், எதுவானாலும் எழுத்தில் கொடு என்றவன் நீ. எழுத்தில் கேட்கிறேன்.

அக்கா


மே 13, புதன்

மதிப்புக்குரிய ஆய்வாளர் அம்மையார் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கும் தகவல் போய்விட்டது. போனில் ஒரே புலம்பல். “ஒரே வயித்துல பொறந்ததுங்க, தபால்காரரை நடுவுல வச்சுப் பேசுதுங்க! ஊர்ல யார் வீட்லயாவது இந்தக் கூத்து உண்டா?” என்கிறாள். தபால்காரருக்கும் பிழைப்பு வேண்டாமா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள்.

பதில் சொல்வதற்கு முன் என் பக்கத்தையும் எழுத்தில் வைக்கிறேன். மார்ச் 4 அன்று போனில் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, உன் ஆட்கள் எல்லாரும் கேட்க, உன் ஆய்வேட்டில், அந்தத் தினசரிப் பதிவு நோட்டில், எழுதிய வரியை எனக்குப் படித்துக் காட்டினாய். “வெப்பநிலைக் கோளாறு. காரணம்: மெக்கானிக்கின் அலட்சியம்.” அதன் நகல் உங்கள் பராமரிப்பு அலுவலகத்துக்குப் போனது. மறுவாரம் என் பெயர் அவர்களுடைய மெக்கானிக் பட்டியலிலிருந்து போனது. இப்போது முந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு குளிர்சாதனக் கிடங்கில் உருளைக்கிழங்குக்குக் குளிர் காட்டிக்கொண்டிருக்கிறேன். பத்தொன்பது வருடத் தொழில். வாயாடி என்று சொல்லியிருக்கிறார்கள், நேரத்துக்கு வராதவன் என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் உண்மை. அலட்சியம் என்று யாரும் எழுதியதில்லை.

இனி தொட்டி. நீ என்ன புகார் சொன்னாய்? “டக்கு டக்குன்னு ஒரே சத்தம்டா, வாரத்துக்கு ஒரு தடவை நின்னுபோகுது” என்றாய். சத்தம் ரிலேயுடையது. ஹீட்டருக்கு மின்சாரத்தை விடுவதும் நிறுத்துவதும் அதன் வேலை. உன் தொட்டியில் சூடு நூலளவு குறைந்தால் விடு, நூலளவு ஏறினால் நிறுத்து என்று வைத்திருந்தார்கள். நிமிடத்துக்கு நாலு முறை அடித்தால் எந்த ரிலே தாங்கும்? ஆகவே கேப் கொடுத்தேன். 43-க்கு செட் செய்து, 41-க்கு இறங்கினால் ஹீட்டர் எரியும், 45-க்கு ஏறினால் அணையும் என்று வைத்தேன். அணைந்த பிறகும் ஹீட்டர் கம்பியில் சூடு மிச்சம் இருக்கும், அதனால் 46 வரை போய்த் திரும்பியிருக்கும். குளிர்சாதனக் கிடங்கில் எல்லா மெஷினுக்கும் இப்படித்தான் வைப்போம். உயிர் இருக்கிற மெஷினுக்கு மூச்சு வாங்க இடம் வேண்டும்.

இதை நான் மறைக்கவும் இல்லை. தொட்டியின் பின்மூடியைக் கழற்றி உள்பக்கம் பார். மெக்கானிக் எழுதுகிற இடம் அதுதான்.

எனக்கு வேண்டியதும் ஒன்றுதான். அந்த வரி போக வேண்டும்.

இப்படிக்கு,
அலட்சியம்


மே 20, புதன்

ஸ்பேனருக்கு,

உறுதியானது: பின்மூடியின் உள்பக்கத்தில் கறுப்பு மார்க்கரில் உன் கையெழுத்து இருக்கிறது. நான்கு திருகாணிகளைக் கழற்றியவர் தட்டு ஊற்றும் அம்மா. உரக்கப் படித்தவரும் அவரே. வரி வரியாகத் தருகிறேன்.

“ஜன. 19. செட் 43, கேப் 4. ரிலே இனி பிழைக்கும். கிருமி அக்காகிட்ட சொல்லணும்.”

கடைசி வரியைப் படித்துவிட்டு அந்த அம்மா மூடியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “கிருமி அக்காவா? வீட்ல இப்படித்தான் கூப்பிடுவாங்களா உங்களை?” இப்போது ஆய்வகம் முழுக்க அதே பெயர். காவலாளி வரை வந்துவிட்டது. மிக்க நன்றி.

சரி, கேள்வி இது. “சொல்லணும்” என்று எழுதினாயே, சொன்னாயா?

இல்லை. மூடிக்குள் எழுதிவிட்டுப் போய்விட்டாய். நான் முகப்பில் தெரிந்த செட் எண்ணை மட்டும் பார்த்து, நாற்பது நாள் நோட்டில் “43 டிகிரி, மாற்றமில்லை” என்று தினமும் எழுதினேன். நீ எழுதுகிற இடத்தை நான் திறந்து பார்த்ததில்லை. நான் எழுதுகிற இடத்தை நீ பார்த்ததில்லை. நடுவில் இருந்தது ஒரு தகரம்.

என் கோபத்துக்கும் காரணம் சொல்கிறேன். போன வருடம் இதே வைரஸை அரை அரை டிகிரியாக ஏற்றிக்கொண்டு போனேன். 43-ஐத் தொட்டு நிலையாக நின்றதும் ஒரு வாரத்துக்குள் அழிந்தது. மூன்று முறையும் அப்படியே. நீ பழுது பார்த்த பிறகு நாற்பது நாள் தாக்குப்பிடித்தது. நிலையான 43-ஐ வென்றுவிட்டது என்று கூட்டத்தில் எழுந்து அறிவித்தேன். கைதட்டினார்கள். எங்கள் தலைவர், இரண்டு மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு திரிபவர், வரைதாளைக் கேட்டார். ஒன்றைக் கழற்றினார், இன்னொன்றை மாட்டினார். “இதுல 43 எங்கம்மா இருக்கு?” என்றார். அந்த நிமிடம் தரை பிளந்தால் இறங்கியிருப்பேன். அடுத்த மணி நேரத்தில் அந்த வரியை எழுதினேன்.

இப்போது யோசித்தால் நடந்தது இதுதான் என்று தோன்றுகிறது. வைரஸ் என்பது ஓட்டுக்குள் சுருட்டி வைத்த ஒரு மரபுச் செய்தி. ஓடு புரதத் துண்டுகளால் ஆனது. அந்தத் துண்டுகள் மடிந்து நிற்பது மிகச் சிறிய ஆற்றல் வித்தியாசத்தில். நிற்கப் போதுமான பலம் மட்டும் உண்டு, உபரி கிடையாது. வைரஸ் பெருகும்போது நகலில் பிழை விழும். பெரும்பாலான பிழைகள் ஓட்டை இன்னும் கொஞ்சம் தளர்த்தும். அபூர்வமாக ஒன்று இறுக்கும். நிலையான 43-இல் அந்த அபூர்வம் வருவதற்குள் எல்லாம் அவிழ்ந்துபோயின. உன் தொட்டியில் 41-க்கு இறங்கியபோது பெருகின, பிழைகள் குவிந்தன. 46-க்கு ஏறியபோது தளர்ந்தவை போயின, இறுக்கமானவை நின்றன. ஐம்பது நிமிடத்துக்கு ஒரு சுற்று, நாற்பது நாள். மூச்சு வாங்க இடம் வேண்டும் என்று நீ எழுதியதை மூன்று முறை படித்தேன்.

ஆனால் தோன்றுவது வேறு, உறுதி வேறு. பக்கத்து அறை வைரஸ் ஏதாவது குடுவைக்குள் விழுந்து, அதைத்தான் நாம் எண்ணினோமோ என்று தலைவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. வைரஸின் செய்தியை எழுத்தெழுத்தாகப் படிக்க வெளியே அனுப்பியிருக்கிறோம். ஜூன் 9 அல்லது 10-க்குள் வரும். அதுவரை அந்த வரியைத் தொட முடியாது. ஆய்வேட்டில் எதையும் திருத்த ஆதாரம் வேண்டும்.

அக்கா
(கிருமி)


மே 27, புதன்

கிருமி அக்காவுக்கு,

சொல்லவில்லை. ஒப்புக்கொள்கிறேன். மூடியை மாட்டிக்கொண்டிருக்கும்போது அம்மா போன். “மிக்ஸி பொகையுதுடா, கரண்ட் வாசம் வருது, ஓடி வா!” ஓடினேன். போய்ப் பார்த்தால் ஜாருக்கு அடியில் ஒரு ஸ்பூன். அந்த ஸ்பூன் இல்லையென்றால் இந்தக் கடிதங்களே இல்லை. அம்மாவிடம் சொன்னேன். “எல்லாத்துக்கும் கடைசியில நான்தானா?” என்றாள். பாதி கோபம், பாதி பெருமை.

உன் கடிதத்தைக் கிடங்கு முதலாளிக்கும் படித்துக் காட்டினேன். கிருமி என்ற பெயரை விட்டுவிட்டுத்தான். அவர் பயந்துபோய், “நம்ம மெஷினுக்கும் கேப் வச்சிருக்கியே, உருளைக்கிழங்கு ஏதாவது புதுசா கத்துக்கிட்டு எந்திரிச்சு நடந்துறாதே?” என்றார். உருளைக்கிழங்கு ஐம்பது நிமிடத்தில் பிள்ளை பெறாது என்று சமாதானம் சொன்னேன்.

உன் விளக்கத்தில் எனக்கு ஒரு இடம் உதைக்கிறது. பத்தொன்பது வருடமாக நான் பார்த்த ஒரே சட்டம், உள்ளே குளிர்ந்தால் பின்னால் சுடும். ஃபிரிட்ஜின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தால் தெரியும். சுடாத பின்பக்கம் உள்ள ஃபிரிட்ஜை ஒருவன் விற்க வந்தால் அவன் திருடன். ஒரு இடத்தில் ஒழுங்கு வந்தால் இன்னொரு இடத்தில் கலைந்திருக்க வேண்டும். ஓடு இறுகியது என்கிறாய். சும்மா இறுகுமா? எதையோ விட்டுக்கொடுத்திருக்கும். எங்கே சுடுகிறது என்று தேடினாயா?

எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன், சிரிக்காதே. இங்கே ஒரு கேஸ் சிலிண்டர் இருக்கிறது. வால்வை யாரோ முரடன் இறுக்கியிருக்கிறான். ஒரு சொட்டு கசியாது, வெயிலில் போட்டாலும் பயமில்லை. ஆனால் திறக்க இரண்டு ஆள் வேண்டும். உன் வைரஸும் பாக்டீரியாவுக்குள் போய்த் திறந்தால்தானே வேலை? இறுக்கி மூடியது, திறக்கும்போது முரண்டு பிடிக்காதா?

ஜூன் 9 என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறேன். உருளைக்கிழங்கு மூட்டைக்கு மேலே.

தம்பி


ஜூன் 10, புதன்

தம்பிக்கு,

உறுதியானது, நேற்று மாலை நாலு நாற்பதுக்கு வந்த அறிக்கையின்படி: அது நம் வைரஸ்தான். பக்கத்து அறையின் திருட்டுப் பிள்ளை இல்லை. ஜனவரியில் தொட்டியில் இட்டதற்கும் இதற்கும் செய்தியில் மூன்றே எழுத்து வித்தியாசம். அதில் இரண்டு, ஓட்டுப் புரதத்தில். நிலையான 43-இலும் வைத்துப் பார்த்தோம். ஒன்பதாம் நாளாக வளர்கிறது.

இரண்டாவது செய்தியின் ஆதாரம் நீ. உன் கடிதம் வந்த மறுநாளே பழையதையும் புதியதையும் 37 டிகிரியில் வைத்து, பாக்டீரியாவுக்குள் போய்ப் பெருகி வெளியே வர எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தோடு பார்த்தேன். பழையது 26 நிமிடம். புதியது 34. ஐந்து முறை செய்தோம், ஐந்திலும் புதியது பின்தங்கியது. எட்டு நிமிடம் சுடுகிறதடா! திறப்பதில்தான் முரண்டு என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. ஆனால் விலை கொடுத்திருக்கிறது என்பது நிச்சயம்.

சிலிண்டர் உவமைக்கு நான் சிரிக்கவில்லை. நீ நினைத்ததைவிட வைரஸுக்கு அது பொருத்தம். இது போன்ற வைரஸ்கள் சிலவற்றின் ஓட்டுக்குள் செய்தி எவ்வளவு அமுக்கி அடைக்கப்பட்டிருக்கிறது தெரியுமா? லாரி டயர் காற்றைப் போலப் பல மடங்கு அழுத்தம். அந்த அழுத்தமே உள்ளே பாய்வதற்கும் உதவுகிறது.

இன்னொன்றும் உனக்குப் பிடிக்கும். இந்த ஓட்டைக் கட்ட மேஸ்திரி கிடையாது. துண்டுகளை வெதுவெதுப்பான நீரில் போட்டால், பல வைரஸ்களில் அவை தாமே கூடி ஓடாகின்றன. ஒழுங்கு எப்படித் தானாக வரும் என்று கேட்பாய். துண்டுகளின் எண்ணெய்ப் பசையான பக்கங்களைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் கைகட்டி வரிசையில் நின்றிருக்கும். துண்டுகள் ஒட்டிக்கொண்டதும் அந்த நீருக்கு விடுதலை, இஷ்டத்துக்கு ஓடும். ஓடு அடுக்கப்படுகிறது, நீர் கலைகிறது. உன் ஃபிரிட்ஜின் பின்பக்கம் அங்கே நீராக இருக்கிறது.

இதைத் தலைவரிடம் சொன்னேன். இரண்டு கண்ணாடியையும் கழற்றிவிட்டார். “யாரு சொன்னது இது?” என்றார். “என் தம்பி. மெக்கானிக்.” “அலட்சியமா?” “ஆமா சார், அவன்தான்.” விழுந்து விழுந்து சிரித்தார்.

இனி அந்த வரி. போக வேண்டும் என்றாய். போக்க முடியாது. எங்கள் ஆய்வேட்டில் அழிப்பதற்கு அனுமதி இல்லை, மை பூசி மறைக்கவும் கூடாது. ஒரே ஒரு கோடு போட வேண்டும், அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் தேதியும் கையெழுத்தும். அப்படியே செய்தேன். நேற்று மாலை ஐந்து மணி. கீழே எழுதியது இது:

“திருத்தம். கோளாறு இல்லை. ரிலேயைக் காக்க மெக்கானிக் தெரிந்தே வைத்த 4 டிகிரி கேப். குறிப்பு தொட்டியின் பின்மூடியில் உள்ளது, ஆய்வாளர் பார்க்கவில்லை. மெக்கானிக் சொல்லவில்லை. ஆதாரம்: மூடி, வரைதாள், கடிதங்கள்.”

நகல் பராமரிப்பு அலுவலகத்துக்குப் போயிற்று. உனக்கும் ஒன்று இதனுடன் வைத்திருக்கிறேன். உன் பெயர் இன்று காலை பதினொன்றுக்குப் பட்டியலில் ஏறியது. நான் நேரில் நின்று பார்த்தேன்.

கோட்டுக்கு அடியில் அந்தச் சொல் இன்னும் தெரியும். அது என் பிழை, அதனால் தெரியட்டும். மன்னிப்பு என்ற சொல்லுக்கு ஆய்வேட்டில் இடமில்லை. ஆகையால் இங்கே எழுதுகிறேன். மன்னித்துவிடு.

இப்போது உன் உதவி வேண்டும். ஒருமுறை நடந்ததை யாரும் ஏற்க மாட்டார்கள். பழைய வைரஸிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தொட்டி. ஒன்று அசையாத 43. இன்னொன்று உன் கேப். வா.

அக்கா


ஜூன் 15, திங்கள்

அக்கா,

நகலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாலு நாளாகத் திரிகிறேன். முதலாளி கேட்டார், “என்னய்யா, காதல் கடிதமா?” என்று. “கோடு போட்ட கடிதம்” என்றேன். படித்தார். “‘மெக்கானிக் சொல்லவில்லை’ன்னும் போட்டிருக்காங்களே” என்றார். அதைக் கோடு போடச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நடந்தது அதுதான்.

சனிக்கிழமை, 20-ஆம் தேதி, காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். அசையாத தொட்டிக்குப் புது மாதிரி ரிலே கொண்டுவருகிறேன். உள்ளே அசைகிற பாகமே கிடையாது. நொடிக்கு நொடி விட்டு நிறுத்தினாலும் சத்தமும் இல்லை, தேய்மானமும் இல்லை. சூடு நூல் பிசகாமல் நிற்கும். கேப் தொட்டிக்குப் பழைய டக்கு டக்கு ரிலேயே போதும்.

இரண்டு நிபந்தனை. ஒன்று, தட்டு ஊற்றும் அம்மா இருக்கும்போது என்னை எந்தப் பெயரிலும் கூப்பிடாதே. இரண்டு, மிக்ஸியை முதலில் பார்த்துவிட்டுத்தான் ஆய்வகம். அம்மா மறுபடி புகை என்கிறாள். ஸ்பூன்களை எண்ணி வைக்கச் சொல்.

மூன்று ஸ்டாம்ப் மிச்சம் இருக்கிறது. வீணாக்க மனமில்லை. கோபம் தீர்ந்தாலும் கொஞ்ச நாள் எழுதலாமா?

தம்பி


ஜூன் 29, திங்கள்

தம்பிக்கு,

இன்று காலை ஒன்பதரை நிலவரம், ஆதாரம் இரண்டு வரைதாள்கள்: வலது தொட்டி எட்டு நாளாக 43-ஐ விட்டு இம்மியும் நகரவில்லை. கோடு அடிமட்டம் வைத்துப் போட்டது போல இருக்கிறது. இடது தொட்டி ரம்பப்பல், 41, 46, 41, 46. ரிலே ஐம்பது நிமிடத்துக்கு இரண்டு முறை “டக்” என்கிறது. ஒவ்வொரு டக்குக்கும் தட்டு ஊற்றும் அம்மா தலை நிமிராமல், “தம்பி மூச்சு விடுது” என்கிறார்.

வலது தொட்டியில் வைரஸ் நான்காம் நாளே தளர்ந்தது, ஆறாம் நாள் தட்டில் ஒரு துளையும் இல்லை. விதிப்படி புதிதாக மறுபடி இட்டிருக்கிறோம். போன வருட மூன்று முறையோடு சேர்த்து, நிலையான 43-இல் அழிந்தது இது நான்காவது. இடது தொட்டியில் துளைகள் குறைந்துகொண்டே போய், நேற்று முதல் கூடத் தொடங்கியிருக்கின்றன. கூடுகின்றன என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன்.

நீ சனிக்கிழமை வந்து, ஞாயிறு முழுக்க வேலை செய்து, மாலை பஸ்ஸுக்கு ஓடியபோது ஒரு வார்த்தை சொன்னாய். பஸ் படியில் ஏறிக்கொண்டே, “அக்கா, செட் நாப்பத்தி மூணு, கேப் நாலு, சொல்லிட்டேன், கேட்டுச்சா?” என்று கத்தினாய். கண்டக்டர் வரைக்கும் கேட்டது. மறுநாள் காலை, வைரஸை இடுவதற்கு முன், நானே ஸ்பேனர் எடுத்து இடது தொட்டியின் பின்மூடியைக் கழற்றினேன். ஜனவரி வரிகளுக்கு அடியில் புதிதாக இருந்தது:

“ஜூன் 21. செட் 43, கேப் 4. அக்காகிட்ட சொல்லியாச்சு.”

அதற்கும் மேலே, “சொல்லணும்” என்ற பழைய சொல்லின் குறுக்கே ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது படிக்கத் தெரிகிறது. பக்கத்தில் தேதி, கையெழுத்து. யாரிடம் கற்றாய் என்று கேட்க மாட்டேன்.

எங்கள் ஆய்வேட்டில் ஒருவர் எழுதினால் இன்னொருவர் படித்துப் பார்த்துக் கீழே கையெழுத்திட வேண்டும். கறுப்பு மார்க்கரைத் தேடி எடுத்து, தகரத்தின்மேல் எழுதினேன்: “படித்தேன். கிருமி அக்கா. ஜூன் 22.” பிறகு நான்கு திருகாணிகளையும் மாட்டினேன். ஒன்று கோணலாக ஏறிவிட்டது. வரும்போது பார்.

மீதி இருப்பது இதுதான். நாற்பதாவது நாள் ஜூலை 31, வெள்ளி. அன்று மாலை 52 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துத் தட்டில் இடுவோம். துளைகள் தெரிய ஓர் இரவு வேண்டும். ஆகஸ்ட் 1, சனி, காலை பத்து மணிக்கு எண்ணிக்கை. இடது தொட்டி வைரஸ் பிழைத்து நின்றால் கட்டுரையில் உன் பெயரும் வரும், தொழிலோடு சேர்த்து என்று தலைவர் சொல்லிவிட்டார். நிற்காவிட்டால் ஜனவரியில் நடந்தது தற்செயல், அதையும் எழுதுவோம். முடிவு இப்போது யாருக்கும் தெரியாது.

நீ வரும்வரை தட்டின் மூடியைத் திறக்க மாட்டேன். முதலில் நீ எண்ணு, பிறகு நான், பிறகு அந்த அம்மா. முதல் பஸ்ஸைப் பிடித்தால் ஒன்பதே முக்காலுக்கு வந்துவிடலாம்.

அக்கா